அத்தியாயம் 6: வேலையை விடாமல், ஊரை விடாமல் நேரலைப் பயிற்சி

பாறசாலையில் நின்றால் வடக்கே திருவனந்தபுரமும் தெற்கே நாகர்கோவிலும் ஏறத்தாழ ஒரே தூரம். காரோடு, செங்கல், இஞ்சிவிளை, ஊரம்பு, அமரவிளைப் பக்கத்துப் பொறியாளர்கள் காலையில் இரண்டு திசையிலும் பிரிந்து போகிறார்கள். கழக்கூட்டம் டெக்னோபார்க், விழிஞ்ஞம் துறைமுகம், தும்பா, மின்வாரிய அலுவலகங்கள் என்று ஒருபக்கம். எல்லை தாண்டிக் குமரி மாவட்டத்து ஆலைகளும் கல்லூரிகளும் மறுபக்கம். வீடு திரும்ப ஆறரை, ஏழு ஆகிவிடும். புதிதாக எதையாவது கற்க நினைத்தால் அதற்குப் பிறகு மிஞ்சும் இரண்டு மணி நேரம்தான் கையில் இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தை வீணாக்காமல் ஒரு நேரலைத் தொழில்நுட்ப வகுப்பை முடிப்பது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆசிரியர் இப்போது பேச, நீங்கள் இப்போது கேட்டு, சந்தேகத்தை இப்போதே எழுப்புவதுதான் நேரலை வகுப்பு. பதிவு செய்த பாடம் நல்ல தரத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆகவே நேரலைக்குப் பணமும் மாலை நேரமும் செலவழிப்பதற்கு ஒரே நியாயம், உங்கள் வேலையிடத்துச் சிக்கலை நேரடியாகக் கேட்க ஆள் கிடைக்கிறார் என்பதே. கேள்வி கேட்க மாட்டேன், பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பேன் என்பவர் பதிவுப் பாடத்துக்கே போகலாம். காசு மிஞ்சும்.

திரை வழியே பாடம் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. எஜுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பரில் ஏவப்பட்டது. அதை நம்பித் தொடங்கிய விக்டர்ஸ் அலைவரிசையை 2005 ஜூலையில் அப்துல் கலாம் திருவனந்தபுரத்தில் தொடங்கிவைத்தார். இன்று அந்தத் திரை உங்கள் மேசைமேல் இருக்கிறது. அது அணையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் உங்களுடையதாகிவிட்டது.

வரிசை முக்கியம்: வகுப்பைத் தேர்ந்தெடுங்கள், நேரத்தைச் சரிபாருங்கள், லைனைச் சோதியுங்கள், கரண்டுக்கு வழி செய்யுங்கள், கடைசியில் பணம் கட்டுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சலுகை இன்றோடு முடிகிறது என்ற செய்தியைப் பார்த்து இரவோடு இரவாகப் பணத்தைக் கட்டிவிட்டு, முதல் வகுப்பன்றுதான் வீட்டில் லைன் எப்படி என்று பார்க்கிறார்கள்.

படி 1: வகுப்பைத் தேர்ந்தெடுத்தல்

பணம் கட்டும் வகுப்புக்குப் போகுமுன் அரசு நிறுவனங்கள் நடத்துவதைப் பாருங்கள். சிவில், சர்வே, நீர்வளம், வனம் சார்ந்த வேலையில் இருப்பவருக்கு டேராடூனில் உள்ள இஸ்ரோவின் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் 2007 முதல் நேரலை வகுப்புகள் நடத்திவருகிறது. செயற்கைக்கோள் படங்கள், புவித்தகவல் முறைமை, இடங்காட்டித் தொழில்நுட்பம் ஆகியவை பாடங்கள். கட்டணம் இல்லை, வருகைப்பதிவு உண்டு.

மின், இயந்திர, கட்டுமான, கணினித் துறைகளுக்கு ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் இருக்கிறது. பாடம் பதிவு செய்தது. ஆனால் பல பாடங்களுக்கு ஆய்வு மாணவர்கள் வாரந்தோறும் நேரலையில் சந்தேகம் தீர்க்கிறார்கள். சேர்வது இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். பல பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் மலையாளத்திலும் கிடைக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், வேலையில் ஆங்கிலம் என்று வளர்ந்த நம் எல்லைக்காரர்களுக்கு இது பெரிய உதவி. ஆங்கிலத்தில் ஓட்டமாகக் கேட்டுப் புரியாத பகுதியை, கைவந்த மொழியில் ஒருமுறை படித்துவிட்டு நேரலைக்கு வாருங்கள்.

திருவனந்தபுரத்திலேயே சி-டாக் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளுக்கு ஐசிஃபாஸ் இருக்கிறது. இவர்கள் அறிவிக்கும் பயிற்சிகளையும் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் தேவை என்றால் தனியார், வெளிநாட்டு வகுப்புகளுக்குப் போகலாம்.

எச்சரிக்கை: நேரலைப் பயிற்சிக்குக் கிடைப்பது சான்றிதழ். அது பட்டம் அல்ல. "வேலை பார்த்தபடியே வீட்டிலிருந்து பி.டெக்." என்று யாராவது அழைத்தால் விலகிவிடுங்கள். பொறியியல் கல்வியை அஞ்சல் வழியில் நடத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2017 நவம்பர் 3-ஆம் தேதி தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படி வாங்கிய பட்டங்களோடு பலர் திண்டாடினார்கள். டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர் பட்டம் பெற விரும்பினால், ஏஐசிடிஇ அனுமதித்த கல்லூரியில் பணியாளர்களுக்கென்று நடக்கும் வகுப்பில் நேரில் சேர்வதே வழி.

படி 2: நேரத்தைச் சரிபார்த்தல்

வகுப்பு வெளிநாட்டில் இருந்து வந்தால் கணக்கைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். பெர்த், சிங்கப்பூர் இரண்டும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே மாலை 6 மணி வகுப்பு என்றால் இங்கே பிற்பகல் 3.30, நீங்கள் வேலையில் இருப்பீர்கள். லண்டனில் மாலை 6 என்றால் அவர்களுடைய கோடையில் நமக்கு இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30.

அடிக்கடி நடக்கும் தவறு இங்கேதான். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுகிறார்கள். இரண்டு நாடுகளும் ஒரே நாளில் மாற்றுவதும் இல்லை. மார்ச்சிலும், அக்டோபர் கடைசி தொடங்கி நவம்பர் முதல் வாரம் வரையிலும் உங்கள் வகுப்பு ஒரு மணி நேரம் நகர்ந்திருக்கும். அந்த வாரங்களில் அழைப்பிதழில் உள்ள நேரத்தை மறுபடி பாருங்கள்.

அட்டவணையில் ஓணமும் பொங்கலும் இருக்காது. எந்த வாரம் ஊரில் உற்சவம், எந்த வாரம் பள்ளித் திருநாள், எப்போது வீட்டில் கல்யாணம் என்று குறித்துக்கொண்டு, தவறப்போகும் வகுப்புகளை முன்பே எண்ணிவிடுங்கள். வருகைப்பதிவு 70 சதவீதம் வேண்டும் என்றால் பத்து வகுப்பில் மூன்றுதான் விடலாம். உற்சவத்துக்கே மூன்றும் போய்விட்டால் காய்ச்சலுக்கு ஒன்றும் மிஞ்சாது.

வீட்டிலும் சொல்லிவிட வேண்டும். "செவ்வாய், வியாழன் ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை என்னைக் கூப்பிடாதீங்க" என்று முதல் நாளே அம்மாவிடமும் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் சொல்லாதவர், மூன்றாம் வாரத்தில் எல்லோரோடும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்.

படி 3: லைன்

ஒரு கணக்கை மனதில் வையுங்கள். நொடிக்கு 1 மெகாபிட் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி. ஆசிரியரின் முகமும் திரையும் சேர்ந்து வரும் இரண்டு மணி நேர வகுப்பு கிட்டத்தட்ட 1 ஜிபியைத் தின்னும். கேமரா படங்களை நிறுத்திவிட்டு ஒலியும் பகிர்ந்த திரையும் மட்டும் என்றால் நொடிக்கு 150 கிலோபிட் போதும். மணிக்கு 70 எம்பிகூட ஆகாது. ஆகவே லைன் தடுமாறும்போது முதலில் நிறுத்த வேண்டியது படத்தை. குரல் வந்துகொண்டே இருக்கட்டும்.

சோதனையை இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. வகுப்பு நடக்கும் அதே நாளில், அதே நேரத்தில் சோதியுங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு வரும் வேகம், ஊரே சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கும் இரவு எட்டு மணிக்கு வராது.

2. பதிவேற்ற வேகத்தையும் தாமதத்தையும் பாருங்கள். பதிவிறக்க வேகம் 50 இருந்தாலும், தாமதம் 150 மில்லிநொடியைத் தாண்டித் துள்ளினால் உங்கள் கேள்வி அறுந்து அறுந்துதான் போய்ச் சேரும்.

3. லேப்டாப்பை லான் கேபிளில் இணையுங்கள். கான்கிரீட் தளமும் வெட்டுக்கல் சுவரும் உள்ள நம் வீடுகளில், முன்னறையில் இருக்கும் ரவுட்டரின் வைஃபை பின்னறைக்குப் பாதிதான் வருகிறது. இருபது மீட்டர் கேபிள் வாங்கும் செலவில் இந்தத் தொல்லை தீரும்.

4. இரண்டாவது வழி ஒன்று வையுங்கள். வீட்டில் பிஎஸ்என்எல், கே-ஃபோன் அல்லது ஊர்க் கேபிள்காரரின் ஃபைபர் எதுவானாலும், கைபேசியில் வேறொரு நிறுவனத்தின் சிம் இருக்கட்டும்.

எல்லைக்காரருக்கு மட்டும் ஒரு குறிப்பு: இஞ்சிவிளை, ஊரம்பு, பனச்சமூடு பக்கங்களில் கைபேசி ஒரு நிமிடம் கேரளக் கோபுரத்தையும் மறுநிமிடம் தமிழ்நாட்டுக் கோபுரத்தையும் பிடிக்கும். தாவும் அந்தச் சில நொடிகளில் வகுப்பு அறுந்துவிடும். அமைப்புகளில் நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்தி, அந்த அறையில் எது வலுவாக வருகிறதோ அதைக் கையால் தேர்ந்தெடுங்கள். வகுப்பு முடிந்ததும் பழையபடி தானியங்கிக்கு மாற்றிவிடுங்கள். மறந்தால் மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அழைப்பு எதுவும் வராது.

படி 4: கரண்டும் இடியும்

இந்தப் பகுதியை இருமுறை படியுங்கள். உயிர் சம்பந்தப்பட்டது.

ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கே அகத்தியர் மலைப்பக்கம் மதியத்துக்குமேல் கறுக்கத் தொடங்கும். மூன்று, நான்கு மணிக்கு மேகம் நெய்யாற்றுப் பக்கம் இறங்கிவிடும். துலாமழைக் காலத்தில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை இடிமின்னலுக்கு எச்சரிக்கையாக இருக்கும்படி கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆண்டுதோறும் சொல்கிறது. வேலைக்குப் போகிறவருக்கான வகுப்புகள் பெரும்பாலும் நடப்பதும் அதே மணிகளில்தான். சித்திரை, வைகாசி கோடைமழையிலும் இதே கதை.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஓர் ஐப்பசி மாலை, வகுப்பு தொடங்கி இருபது நிமிடம். தூரத்தில் இடி கேட்டது. ஆசிரியர் முக்கியமான கட்டத்தில் இருந்தார். இந்த ஒரு படத்தை வரைந்து முடிக்கட்டும், பிளக்கைப் பிடுங்கலாம் என்று இருந்துவிட்டேன். பளிச்சென்றது. ஈஎல்சிபி "டக்" என்று விழுந்தது, வீடு இருண்டது. ரவுட்டரின் அடாப்டரில் இருந்து கருகிய பிளாஸ்டிக் மணம் வந்தது. லேப்டாப் அன்று தப்பியது தற்செயல். நான் சார்ஜர் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கவில்லை என்பதும் தற்செயல்தான்.

ஃபைபரின் கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்பது உண்மை. ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஃபைபர் வயர் பலவற்றில் தாங்குகம்பியாக எஃகு இருக்கிறது; பெட்டியின் அடாப்டரோ வீட்டு மின்சாரத்தில் செருகியிருக்கிறது. ஃபைபர்தானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம்.

இடி வரும் நாளில் செய்ய வேண்டியவை:

1. வேலையிலிருந்து வந்ததும் லேப்டாப்பையும் கைபேசியையும் முழுக்க சார்ஜ் ஏற்றிவிடுங்கள். வகுப்பு நேரத்தில் சார்ஜர் செருகியிருக்கவே கூடாது.

2. முதல் இடி கேட்டதும் லேப்டாப்பின் லான் கேபிளையும் ரவுட்டர், ஃபைபர் பெட்டி இரண்டின் பிளக்கையும் கழற்றுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. மின்னல் தலைக்குமேல் வந்தபிறகு பிளக்கைத் தொடாதீர்கள்.

3. மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள்.

4. சார்ஜரில் இல்லாத கைபேசியில், மொபைல் டேட்டாவில், படத்தை நிறுத்தி வகுப்பைத் தொடருங்கள். ஜன்னலுக்கும் வாசலுக்கும் தள்ளி உள்ளறையில் உட்காருங்கள். சிக்னலுக்காக மொட்டை மாடிக்கோ ரப்பர் தோட்டத்து மேட்டுக்கோ போகவே கூடாது.

5. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்தே மறுபடி செருகுங்கள். ஈஎல்சிபி விழுந்திருந்தால் அதுவரை அதைத் தூக்கிவிட வேண்டாம். அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்து நேரடியாக இணைப்புக் கொடுக்கும் வேலை சில வீடுகளில் நடக்கிறது. அது உயிருக்கு உலை. லைசென்ஸ் உள்ள வயர்மேனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இடி இல்லாத வெறும் கரண்ட் கட்டுக்கு வழி எளிது. ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 10 முதல் 15 வாட் எடுக்கும். கடையில் "ரவுட்டர் யுபிஎஸ்" என்று கேட்டால் உள்ளங்கையளவு பெட்டி கிடைக்கும். உங்கள் பெட்டிக்கு வேண்டியது 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று அடாப்டரில் பார்த்து வாங்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இதுகூட வேண்டாம். ஆனால் அதன் பேட்டரியைக் காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். அருகில் விளக்கோ தீக்குச்சியோ வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் அளவை மாதம் ஒருமுறை பாருங்கள்.

எல்லைக்காரருக்கு இன்னொரு வசதி உண்டு. இந்தப்பக்கம் கேஎஸ்இபி, அந்தப்பக்கம் தமிழ்நாடு மின்வாரியம். பராமரிப்புக்காக ஒருபக்கம் கரண்டை நிறுத்தும் நாளில் மறுபக்கம் இருக்கும். களியக்காவிளையில் மாமா வீடோ அக்கா வீடோ இல்லாத குடும்பம் இங்கே குறைவு. தேர்வு, செயல்முறை வகுப்பு போன்ற தவறவிடக் கூடாத நாள்களுக்கு, "மாமா, நாளைக்கு ராத்திரி முன்னறை எனக்கு வேணும்" என்று முதல் நாளே கேட்டுவையுங்கள்.

படி 5: பணமும் பெயரும்

வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கட்டினால் வங்கி அட்டையில் சர்வதேசப் பரிவர்த்தனையை நீங்களே திறந்துவிட வேண்டும். 2020 மார்ச் முதல் புதிய அட்டைகள் உள்நாட்டுக்கு மட்டுமே இயங்கும் நிலையில் வருகின்றன. கட்டியபின் மூடிவிடுங்கள். உள்நாட்டுத் தனியார் பயிற்சிக்கு விளம்பரத் தொகையோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும். நிறுவனம் பணத்தைத் திருப்பித் தருமானால் பில் யார் பெயரில் வேண்டும் என்று முன்பே கேளுங்கள். தனிநபர் யுபிஐ எண்ணுக்குக் கட்டணம் கேட்டால் கட்டாதீர்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

பெயரில் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். கேரளப் பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். தமிழ்நாட்டு நிறுவன அட்டையில் முன்னால். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. பதிவு செய்யும்போது தேர்வு மையத்தில் காட்டப்போகும் அடையாள அட்டையில் உள்ளபடி, எழுத்துக்கூட்டல் மாறாமல் கொடுங்கள். சான்றிதழ் அச்சானபின் திருத்துவது பெரும்பாடு.

படி 6: வகுப்புக்குள்

ஒலிவாங்கி உள்ள ஹெட்செட் கட்டாயம். பக்கத்துக் கோயில் மைக்கும் தெருநாயும் ஆசிரியருக்குக் கேட்கக் கூடாது. பத்து நிமிடம் முன்னதாக நுழையுங்கள். கம்பெனி லேப்டாப் என்றால் அது இந்தச் செயலியை அனுமதிக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே பாருங்கள்.

இனி முக்கியமான வேலை, கேள்வி. பெரும்பாலோர் கேட்பது இப்படி: "சார், மோட்டார் டிரிப் ஆகுது, ஏன்?" இதற்கு ஆசிரியரால் பொதுவாக நாலு வாக்கியம்தான் சொல்ல முடியும். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "415 வோல்ட், 37 கிலோவாட் மோட்டார், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். ஸ்டாரில் சரியாக ஓடுகிறது. டெல்டாவுக்கு மாறும் அந்த நொடியில் எம்சிசிபி விழுகிறது. ஓவர்லோடு ரிலே விழவில்லை. மோட்டார் முழு வேகத்தை எட்டுமுன் டைமர் மாறுகிறதோ என்று சந்தேகம்." இதைக் கேட்ட ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார். டைமரை எவ்வளவு வைத்திருக்கிறீர்கள், பிரேக்கரின் உடனடி டிரிப் அளவு என்ன என்று உங்களிடம் திருப்பிக் கேட்பார். மற்ற மாணவர்களும் பேனாவை எடுப்பார்கள். இயந்திரம், நிலைமை, அளந்த எண், உங்கள் ஊகம் என்ற நான்கும் உள்ள கேள்வியை முந்தின நாளே எழுதி வையுங்கள்; அறிமுகம் முடிந்ததும் அரட்டைப் பெட்டியில் ஒட்டிவிட்டுக் கையை உயர்த்துங்கள்.

ஆங்கிலம் தடுமாறும் என்று வாய் திறக்காமல் இருப்பவர்கள் இங்கே நிறைய. எண்களும் வரைபடமும் சரியாக இருந்தால் இலக்கணத்தை யாரும் பார்ப்பதில்லை. கையால் வரைந்த சர்க்யூட்டைப் படமெடுத்துப் பகிருங்கள். பாதிப் பேச்சு மிச்சம். ஆனால் கம்பெனி வரைபடத்தையோ வாடிக்கையாளர் பெயரையோ திரையில் காட்டாதீர்கள். அனுமதியில்லாமல் வகுப்பைப் பதிவு செய்யவும் வேண்டாம்.

பைக்கில் வரும்போது காதில் மாட்டி வகுப்பு கேட்கும் பழக்கம் பரவிவருகிறது. தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அதைச் செய்யாதீர்கள். ரயிலில் கேட்கலாம், ஆனால் சிக்னல் விட்டு விட்டு வரும் என்பதால் அதை வருகைக்கு மட்டும் நம்புங்கள். ஸ்விட்ச்யார்டிலோ ஓடும் இயந்திரத்தின் பக்கத்திலோ நின்றபடி வகுப்பைக் கேட்பது கூடவே கூடாது.

படி 7: தேர்வு நாள்

என்பிடெல் போன்றவற்றில் தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். 100-க்கு 25 வீட்டுப்பாடத்துக்கு, 75 தேர்வுக்கு. 25-இல் பத்தும் 75-இல் முப்பதும் தனித்தனியாக எடுக்காவிட்டால் சான்றிதழ் இல்லை. வாரந்தோறும் தர வேண்டிய வீட்டுப்பாடத்தைக் கடைசி நாள் இரவுக்குத் தள்ளாதீர்கள். அன்றைக்குத்தான் கரண்ட் போகும்.

மையப் பட்டியலில் திருவனந்தபுரம், நாகர்கோவில் இரண்டும் இருந்தால், உங்கள் ஊருக்குத் தேர்வு நாளில் ரயிலோ பஸ்ஸோ எந்தப் பக்கம் அதிகம் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஹால்டிக்கெட்டை அச்செடுத்து, அசல் அடையாள அட்டையோடு பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். தேர்வு காலை 9 முதல் 12, பிற்பகல் 2 முதல் 5 என இரண்டு பிரிவாக நடக்கும். ஜூலையில் தொடங்கும் பாடங்கள் பலவற்றின் தேர்வு அக்டோபர், நவம்பரில் வருகிறது. தேர்ந்தெடுக்க இடமிருந்தால் அந்தப் பருவத்தில் காலைப் பிரிவையே எடுங்கள். எழுதிவிட்டு ஒரு மணி வண்டியைப் பிடித்தால், மலைப்பக்கம் கறுத்து வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.